சிங்கப்பூரில் பாம்பு கண்ணில் பட்டால்: வீட்டில், பூங்காவில், வேலையிடத்தில்

முதலில் இரண்டு எண்களைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்துவிட்டாலோ கண்ணில் விஷம் பட்டாலோ 995. கடி ஒன்றும் இல்லை, ஆனால் பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டது அல்லது ஆள் நடமாடும் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் எண் 1800-476-1600. இரவானாலும் அழைக்கலாம். வேலியோரம் தன்பாட்டுக்கு ஊர்ந்து போகும் பாம்புக்காக யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

நம்மில் பலருடைய பாம்பறிவு ஊரிலிருந்து வந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும் என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் சிங்கப்பூரில் இல்லை. நாகம் உண்டு, ஆனால் இனம் வேறு; படமெடுப்பதோடு நிற்காது, விஷத்தைப் பீய்ச்சவும் செய்யும். கட்டுவிரியனின் உறவினங்கள் இருக்கின்றன, கண்ணில் படுவது மிக அரிது. ஊரில் எல்லாரும் முதலில் தேடும் தடியை இங்கே எடுக்கவே கூடாது. தடிக்கு எட்டும் தூரம் நாகத்தின் விஷத்துக்கும் எட்டும் தூரம். அதோடு, அனுமதியில்லாமல் பாம்பைக் கொல்வதும் பிடிப்பதும் வளர்ப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இங்கே என்னென்ன இருக்கின்றன

நகருக்குள் நீங்கள் பார்க்கக்கூடிய பெரிய பாம்பு மலைப்பாம்பு. மஞ்சளும் பழுப்பும் கறுப்பும் கலந்து, வலை பின்னியதுபோல் உடல் முழுக்கக் கோலம் இருக்கும். தலையின் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும், கண் ஆரஞ்சு நிறம். விஷமில்லை. காடு வேண்டுமென்பதும் இல்லை. மழைநீர் வடிகாலும் கால்வாயும் அதற்கு நெடுஞ்சாலை, எலிதான் சாப்பாடு. உணவங்காடிக்குப் பின்னால் எலி இருக்கிறதென்றால் வடிகாலுக்குள் மலைப்பாம்பு இருப்பதில் வியப்பில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் குட்டி மலைப்பாம்பைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்று அலறுவதுண்டு. இங்கே அந்த விரியனே கிடையாது என்பதால், கோலம் போட்ட தடித்த பாம்பை ஊருக்குள் கண்டால் அது பெரும்பாலும் மலைப்பாம்புதான். அதற்காகக் கையில் எடுத்துவிடாதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கடித்ததும் பதறிக் கையை இழுத்தால் சதை கிழியும், முறிந்த பல் உள்ளே தங்கவும் செய்யும்.

கவனமாக இருக்க வேண்டியது கறுப்பு நாகத்திடம். வளர்ந்த பாம்பு தலை முதல் வால் வரை ஒரே கறுப்பு. படத்தின் பின்புறத்தில் நம்மூர் நல்ல பாம்பின் கண்ணாடிக் குறி இருக்காது. குட்டிகளுக்குக் கழுத்தடியில் வெளிர் பட்டைகள் தெரியும். நீளம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். தரைவீட்டுத் தோட்டம், கட்டுமானத் தளம், புல்மேடு, பூங்கா இணைப்புப் பாதை என எங்கும் வரலாம், பகலிலும் வரும். கறுப்பு நிறம், படமில்லை, எனவே சாரை என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மிரளாத நாகம் படம் எடுப்பதில்லை.

அடுக்குமாடி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பு. பென்சில் தடிமன், அரை மீட்டர் நீளம், பழுப்பு உடலில் வெண்மையான பொடி வலை, பிடரியில் ஒரு வெளிர் பட்டை. பல்லியைத் தேடி வரும், சுவரேறும். பத்தாவது மாடியிலும் பார்க்கலாம். ஊரில் இதன் உறவினமான வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துப்போடுவார்கள். இங்கும் அதே குழப்பம் தொடர்கிறது. இங்குள்ள கட்டுவிரியன் இனங்களில் ஒன்றுக்குக் கறுப்பும் மஞ்சளுமாக அகலமான வளையங்கள், மற்றதற்குக் கறுப்பும் வெள்ளையும். இரண்டிலும் பட்டைகள் தெளிவாகப் பிரிந்திருக்கும். ஓநாய்ப் பாம்பின் பொடிவலைபோல் கலங்கித் தெரியாது. ஓநாய்ப் பாம்பு சட்டெனக் கடிக்கும், விஷமில்லை.

பூந்தொட்டி மண்ணில் மண்புழுபோலக் கறுப்பாக, பளபளவென்று நெளிவது புழுப் பாம்பு. மண்புழுவுக்கு வளைய வளையமாக உடல் இருக்கும், இதற்கு வழவழப்பு. இந்த இனத்தில் ஆணே இல்லை, பெண் தானாகவே முட்டையிட்டுப் பெருகும். அதனால்தான் தொட்டி மண்ணோடு உலகமெங்கும் பயணம் போய்விட்டது. மண்ணோடு அள்ளிச் செடிக்கடியில் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

பச்சைப் பாம்பு விஷயத்தில் சற்று நிதானம் வேண்டும். இளம்பச்சையாக, கயிறுபோல் மெலிந்து, மூக்கு கூர்மையாக, கண்மணி கிடைமட்டக் கோடாக இருந்தால் அது நம்மூர் கண்கொத்திப் பாம்பின் இனம். கண்ணைக் கொத்தாது, லேசான விஷம் மனிதரைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பச்சையும் கறுப்புமாக, முதுகில் சிவப்புப் பொட்டு வரிசையோடு மரத்திலிருந்து மரத்துக்கு வழுகிப் பறப்பது பறக்கும் பாம்பு, அதுவும் ஆபத்தில்லாதது. ஆனால் பச்சை உடலில் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகளோடு, தலை முக்கோணமாக, கிளையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அது விஷமுள்ள குழிவிரியனின் ஆண் அல்லது குட்டி. வளர்ந்த பெண்ணுக்குக் கறுப்பு உடலில் மஞ்சளும் பச்சையும் பட்டைகளாக ஓடும், பார்த்தால் வேறு இனம் என்றே நினைப்பீர்கள். பினாங்குப் பாம்புக் கோயிலில் சுருண்டு கிடப்பது இதே இனம்தான். அங்கே பக்கத்தில் நின்று படமெடுத்துப் பழகியவர்கள் மெக்ரிச்சி காட்டுப் பாதையிலும் அப்படியே நெருங்கப் பார்க்கிறார்கள், வேண்டாம்.

சுங்கை பூலோ, பாசிர் ரிஸ் சதுப்புநிலப் பலகைப் பாதைகளில் கைப்பிடியைத் தொடும் முன் பாருங்கள். சாம்பலும் ஊதாவும் கலந்த சதுப்புநிலக் குழிவிரியன் கம்பியோரக் கிளைகளில் படுத்திருக்கும், சட்டெனச் சீறும். காட்டுத் தரையில் இலைச்சருகுக்குள் கருநீல உடலும் செக்கச்சிவந்த தலையும் வாலுமாக ஒன்றைக் கண்டால் அது பவளப் பாம்பு. கொடிய விஷம். அதைப் போலவே தலை சிவந்த, விஷமற்ற சிறு பாம்பும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராஜநாகமும் இந்தத் தீவில் இருக்கிறது, ஆனால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே அதிகம்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

குழந்தைகளையும் பூனை, நாயையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். பிறகு ஒருவர் மட்டும் பாம்பு மேல் கண் வைக்க வேண்டும், குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நின்று. இந்த ஒரு வேலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆளனுப்புகிறார்கள், அவர்கள் வந்து சேர்வதற்குள் பாம்பு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் வந்தவர்கள் வீட்டையே கலைக்க வேண்டியிருக்கும்.

பாம்பு அறைக்குள் இருந்தால் வெளியே வந்து கதவைச் சாத்தி, அடி இடைவெளியில் ஈரத் துண்டைச் சுருட்டி அடையுங்கள். கூடத்தில் இருந்தால் அறைக் கதவுகளை எல்லாம் சாத்துங்கள். தரைவீடு என்றால் தோட்டத்துப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாலே பல நேரம் தானாகப் போய்விடும். அடுக்குமாடியில் வாசற்கதவைத் திறந்தால் பாம்பு பொதுத் தாழ்வாரம் வழியாக அண்டை வீட்டுக்குத்தான் போகும். திறக்கும் முன் அவர்களிடம் சொல்லிக் கதவைச் சாத்தச் செய்யுங்கள்.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை: புளோக், மாடி, வீட்டு எண், பாம்பு இப்போது இருக்கும் இடம், நிறமும் கோலமும், தடிமன் விரல் அளவா, மணிக்கட்டு அளவா, யாரையாவது கடித்ததா. நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம், பயத்தில் எல்லாருக்கும் இரட்டிப்பாகத்தான் தெரியும். கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள், நெருங்கிப் போய் எடுக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை பெரும்பாலும் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை. கொசு மருந்து அடித்தால் பாம்பு சாகாது. எரிச்சலில் தறிகெட்டு ஓடும், மூலைமுடுக்கில் நுழைந்துகொள்ளும். வெந்நீர், பினாயில், பூண்டுத் தண்ணீர் எல்லாம் அதே கதைதான். வாளியைக் கவிழ்த்து மூடும் யோசனை காணொளிகளில் சுலபமாகத் தெரியும். அதற்கு நீங்கள் கையெட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். துடைப்பத்தால் தள்ளினால் ஓநாய்ப் பாம்பு துடைப்பத்தின் மீதே ஏறி வரும். கறுப்பு நாகமாக இருந்தால் நேராக உங்கள் முகத்தைக் குறிவைக்கும்.

வெளியில்

பூங்காவில் நின்று, பார்த்து, பின்வாங்குங்கள். ஓடத் தேவையில்லை. நாய்க்கு வார் கட்டியிருக்கட்டும். பாம்பு கடித்த நாய்களில் பல, வார் இல்லாமல் புதருக்குள் மூக்கை நுழைத்தவைதாம். இருட்டிய பிறகு நடப்பவர்கள் பாட்டுக் கேட்கும் காதொலிக் கருவியைவிடக் கைவிளக்குக்கு முன்னுரிமை தரலாம்.

மலைப்பாம்பு பூனையையோ நாயையோ சுற்றிவிட்டால் கூட்டம் கூடி வாலைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். இழுத்தால் பிடி இன்னும் இறுகும். அந்தக் கட்டத்தில் 1800-476-1600-ஐ அழைப்பதைத் தவிர பயனுள்ள வேலை எதுவும் இல்லை. இரை விழுங்கி வயிறு புடைத்துக் கிடக்கும் பாம்பை விரட்டினால், உடல் கனத்தைக் குறைக்க இரையைக் கக்கிவிட்டுத்தான் ஓடும். பிடித்த இரையும் போயிற்று, விரட்டியவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

தோட்ட வேலை, கட்டுமானத் தளம், வடிகால்

இந்தத் தீவில் பாம்புக்கு மிக அருகில் வேலை செய்பவர்களில் நம் ஊர்த் தம்பிகள் நிறைய. புல் வெட்டும் முன் அந்த இடத்தைக் காலை ஊன்றி ஒருமுறை நடந்து வாருங்கள். தரை அதிர்ந்தால் பாம்புகள் பெரும்பாலும் விலகிவிடும். கணுக்கால் மூடிய பூட்ஸ், நீளக் கால்சட்டை, தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தூசிக்காகக் கொடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்காதீர்கள், நாகம் பீய்ச்சினால் பார்வையைக் காப்பது அதுதான்.

அடுக்கிய பலகை, ஒட்டுப்பலகை, தகரம் ஆகியவற்றை எடுக்கும்போது முதலில் நீளக் கம்பால் தட்டி அரை நிமிடம் பொறுங்கள். தூக்கும்போது எதிர்ப்பக்க விளிம்பு மேலே எழும்படி உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். அடியில் ஏதாவது இருந்தால் திறப்பு அதன் முன்னால் இருக்கும், பலகை உங்களுக்கும் அதற்கும் நடுவே தடுப்பாக நிற்கும். வழக்கமாக எல்லாரும் செய்வது இதற்கு நேர் எதிர்: தன் பக்க விளிம்பில் விரலை நுழைத்துத் தூக்குவது. கையில் கடி வாங்குவது இப்படித்தான்.

இரவில் தங்கும் விடுதிக்கு வெளியே காயவைத்த பூட்ஸைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டுங்கள். பாம்பு தென்பட்டால் வேலையை நிறுத்திச் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். ஊரில் வீரமாகப் பார்க்கப்படும் காரியம் இங்கே வழக்காக மாறலாம்.

கண்ணில் விஷம் பட்டால்

கறுப்பு நாகம் இரண்டு மீட்டருக்கும் மேல் பீய்ச்சக்கூடியது. பட்ட நொடியில் கண் எரியும், இமை தானாக இறுக மூடிக்கொள்ளும். தேய்க்கக் கூடாது. உடனே குழாயடிக்குப் போய், பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, 15 முதல் 20 நிமிடம் மெல்லிய நீரோட்டத்தில் கழுவ வேண்டும். ஒட்டுக்கண்ணாடி (கான்டாக்ட் லென்ஸ்) போட்டிருந்தால் கழுவத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்தாலும் நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்துவதுதான் பெரும் தவறு. குழாய் இல்லாத இடத்தில் குடிதண்ணீர் போத்தல் போதும், பக்கத்தில் பால் மட்டுமே இருந்தால் பாலும் சரி. விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். கழுவியதும் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், கருவிழியில் புண் உண்டாகியிருக்கிறதா என்று அங்கேதான் பார்க்க முடியும். காயமில்லாத தோலில் பட்ட விஷம் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். நாயின் கண்ணில் பட்டாலும் இதே கழுவல், பிறகு கால்நடை மருத்துவர்.

கடித்தால்

பாம்பை விட்டு விலகி, கடிபட்டவரை உட்கார அல்லது படுக்க வையுங்கள். 995-ஐ அழையுங்கள். கடிபட்ட கையில் அல்லது காலில் இருக்கும் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது, மோதிரமே விரலுக்கு இரத்தம் போவதைத் தடுத்துவிடும். குடை, மடித்த செய்தித்தாள், அட்டை என்று கிடைத்ததை வைத்துத் தளர்வாகக் கட்டி அந்த உறுப்பை அசையாமல் வையுங்கள். நடந்தால் தசை இயங்கும், விஷம் வேகமாகப் பரவும். மின்தூக்கி வரைகூட நடக்கவிடாமல் மருத்துவ உதவியாளர்கள் வரும்வரை பொறுப்பது நல்லது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதினால் மருத்துவருக்கு அது எத்தனை வேகத்தில் ஏறுகிறது என்று தெரியும்.

இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். கறுப்பு நாகமும் குழிவிரியனும் கடித்த இடத்துச் சதையைச் சிதைப்பவை. கட்டினால் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சேதம் கூடும், கட்டை அவிழ்க்கும்போது மொத்தமாகப் பாயும். கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் பனிக்கட்டி வைப்பதும் பயனற்றவை. வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் இரத்தக் கசிவு அதிகமாகலாம். பச்சிலையும் மந்திரமும் மருத்துவமனைக்குப் போகும் நேரத்தைத் தின்னும்.

இரண்டு பல்தடம் இருந்தால்தான் விஷப்பாம்பு என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கீறல் மட்டுமே தெரிகிற விஷக்கடிகள் உண்டு, தடம் இருந்தும் விஷம் இறங்காத கடிகளும் உண்டு. கட்டுவிரியன் இனத்துக் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது; சில மணி நேரம் கழித்து இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, மூச்சு திணறும். எனவே ‘ஒன்றும் இல்லை’ என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், பேட்டைக் கிளினிக்குக்கு அல்ல.

இந்தியாவிலிருந்து விஷமுறிவு மருந்து வாங்கி வரச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து அந்த நான்கு இந்தியப் பாம்புகளின் விஷத்துக்காகத் தயாரிக்கப்படுவது. இங்குள்ள பாம்புக்கு அதை நம்ப முடியாது. தவிர, ஒவ்வாமை வந்தால் சமாளிக்க வசதியுள்ள இடத்தில்தான் விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும். படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பாம்பைப் பிடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோவது இரண்டாவது கடிக்கு வழி.

வராமல் பார்த்துக்கொள்ள

பாம்பை விரட்டும் பொருள் என்று கடையில் விற்கும் எதையும் வாங்காதீர்கள். கந்தகமும் உப்பும் அந்துருண்டையும் வேலை செய்வதில்லை. பாம்பு வருவது இரைக்காக, நுழைவது இடுக்கு இருப்பதால். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், சிறுவிரல் நுழையாத அளவுக்கு. குளியலறைத் தரை வடிகாலுக்குச் சல்லடை மூடி போடுங்கள். குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைச் சிமென்டால் அடையுங்கள். தாழ்வாரத்தில் தொட்டிகளைச் சுவரை ஒட்டி நெருக்கி வைக்காமல் இடைவெளி விட்டால் பல்லியும் குறையும், பாம்பும் ஒளியாது. பறவைக் கூண்டு வைத்திருப்பவர்கள் கம்பி இடைவெளியைப் பாருங்கள்: ஒல்லியாக நுழையும் பாம்பு, பறவையை விழுங்கிய பின் வயிறு புடைத்து வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும். காலையில் கூண்டைத் திறக்கும் கை அதற்கு நேராகப் போகும்.

பாலும் முட்டையும் பழைய பேச்சும்

ஆடி மாதத்தில் நாகருக்குப் பால் ஊற்ற நினைப்பவர்கள் அதைக் கோயிலில் உள்ள நாகர் சிலைக்கே செய்யுங்கள். காட்டோரப் புற்றில் முட்டையும் பாலும் வைத்தால் அங்கு முதலில் வருவது குரங்கும் எலியும். அதோடு வனவிலங்குக்கு உணவு வைப்பது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பாம்புக்குப் பால் உணவே இல்லை. பாலை உறிஞ்சும் பாம்பு பெரும்பாலும் தாகத்தில் தவிக்கவிடப்பட்ட பாம்பு.

பழைய நம்பிக்கைகளில் இரண்டை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, அவை தப்பான காரியத்தைச் செய்ய வைப்பதால். ஒன்று, ஒரு பாம்பு போனால் அதன் ஜோடி பழிவாங்க வரும் என்பது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போன பிறகு இரவெல்லாம் விளக்குப் போட்டு வீட்டைக் கிளறுபவர்கள் இருக்கிறார்கள். பாம்புகள் ஜோடியாகக் குடித்தனம் நடத்துவதில்லை. அதே இடத்துக்கு இன்னொன்று வந்தால் அங்கே எலியோ பல்லியோ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மற்றது கொம்பேறி மூக்கன் கதை: கடிபட்டவன் உடல் எரிவதை மரத்தேறிப் பார்க்கும் என்பார்கள். அதன் இங்குள்ள உறவினம், முதுகில் வெண்கலப் பழுப்பும் பக்கவாட்டில் கறுப்புக் கோடுமாகப் பூங்காப் புதர்களில் வேகமாக ஓடும் ஒல்லியான பாம்பு. தவளையும் பல்லியும் தின்னும், விஷத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. பயந்தால் மரமேறும், அவ்வளவுதான். கிளையில் அதைக் கண்டால் கல்லெறியாமல் கடந்து போகலாம். உருளைக்கிழங்கு அவித்த வாசனை வந்தால் பாம்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தவரை, முதலில் பக்கத்து வீட்டு அடுப்பைப் பாருங்கள்.